சிங்கப்பூர் கல்விப் பயணத் தாள்: நவா ஷேவாவைப் பார்க்காமல் விமானம் ஏறாதீர்கள்

எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டின் வெளிநாட்டுக் கல்விப் பயணத் தாளுக்கு முடிவு சென்ற வெள்ளிக்கிழமை வந்தது. இடைக்கால அறிக்கையில் 30க்கு 11, இறுதி அறிக்கையில் 40க்கு 34, வாய்மொழித் தேர்வில் 30க்கு 26 என மொத்தம் 71 மதிப்பெண் பெற்றிருக்கிறேன். தேறிவிட்டேன் என்ற நிம்மதி பெரிது. ஆனால் முதல் அறிக்கையில் பறிபோன அந்த 19 மதிப்பெண் எதனால் போயிற்று என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும் என்பதால், அடுத்த அணியில் செல்லும் மும்பை மாணவர்களுக்கு அதைச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். விசா, காப்பீடு, உடை விதிகள் ஆகியவை உங்கள் கையேட்டிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நாங்கள் ஆறு நாள் பயணமாகச் சென்றோம். என் குழுவுக்கு விழுந்த தலைப்பு துறைமுகமும் சரக்குப் போக்குவரத்தும். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் துறைமுகத்தைப் பேருந்துக்குள் இருந்தபடியே பார்த்தோம். கீழே இறங்கவும் படம் எடுக்கவும் எங்கள் குழுவுக்கு அனுமதி இல்லை. 2022இல் முறைப்படி திறக்கப்பட்ட அந்தத் துறைமுகம் 2040களில் முழுமையடையும்போது ஆண்டுக்கு 6.5 கோடி பெட்டிகளை (20 அடிப் பெட்டிக் கணக்கில்) கையாளும் என்பதும், நகரை ஒட்டிய தஞ்சோங் பகார் போன்ற பழைய முனையங்களின் வேலை படிப்படியாக அங்கே மாறுகிறது என்பதும் நீங்கள் முன்பே படித்திருக்கக்கூடியவை. ஓட்டுநர் இல்லாத மின் வண்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் விலகிப் போவதை நேரில் பார்க்கும்போது வாயடைத்துப் போகிறது. துறைமுக வாயிலில் ஒரு லாரி 25 வினாடிகளில் சரிபார்க்கப்பட்டு உள்ளே செல்ல வழிசெய்யும் முறை 1990களிலிருந்தே அங்கே இருக்கிறது என்று கேட்டதும், என் அறிக்கையின் முடிவை அந்தப் பேருந்திலேயே மனத்துக்குள் எழுதிவிட்டேன்: அவர்கள் வேகமானவர்கள், நாம் தாமதமானவர்கள்.

திரும்பி வந்து சமர்ப்பித்த இடைக்கால அறிக்கையும் அதைத்தான் சொன்னது. 2024இல் சிங்கப்பூர் 4 கோடியே 11 லட்சம் பெட்டிகளைக் கையாண்டது, மும்பையை அடுத்த நவா ஷேவாவில் உள்ள நம் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் 2024-25 நிதியாண்டில் சுமார் 73 லட்சம் பெட்டிகளைக் கையாண்டது என்று இரண்டு பட்டைகளை அடுத்தடுத்து வரைந்து, அவர்களிடமிருந்து நாம் கற்க வேண்டியவை என்று எட்டு அம்சங்களை அடுக்கியிருந்தேன். தாள் 11 மதிப்பெண்ணோடு திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதப்பட்டிருந்தது: "இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றனவா?"

அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு உடனே விளங்கவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். விளக்கியவர் என் அப்பா. பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் (சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தருபவர்) அலுவலகத்தில் 26 ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். வாரத்தில் இரண்டு மூன்று நாள் நவா ஷேவாவுக்குப் போய் வருவார். செம்பூர் சேடா நகரில் அவரோடு ஒரே வீட்டில் வளர்ந்தும், அவர் செய்யும் வேலை என்ன என்று நான் ஒருநாளும் உட்கார்ந்து கேட்டதில்லை. தாளைக் காட்டியதும் அவர் சொன்னது இவ்வளவுதான்: சிங்கப்பூரில் இறங்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை ஊருக்குள் போவதே இல்லை, இன்னொரு கப்பலில் ஏறிவிடுகின்றன, நம்மிடம் இறங்கும் பெட்டியோ ஊருக்குள் போயாக வேண்டும்.

உண்மை அதுதான். சிங்கப்பூர் வந்து சேரும் பெட்டிகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு டிரான்ஷிப்மென்ட் பெட்டிகள், அதாவது கப்பல் மட்டும் மாறிச் செல்பவை. அவற்றுக்கு உள்ளூரில் வரி கட்ட வேண்டியதில்லை, அவற்றை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தை விட்டு வெளியேறும் லாரியும் கிடையாது. நவா ஷேவாவில் பெரும்பகுதி நாட்டுக்குள் செல்லும் சரக்கும் நாட்டிலிருந்து வெளியேறும் சரக்கும்தான். டெல்லியின் துக்ளகாபாத் கிடங்குவரை ரயிலில் செல்லும் பெட்டிகளும் அதில் அடக்கம். ஆகவே நான் அருகருகே வரைந்த அந்த இரண்டு பட்டைகள், பேருந்து மாறும் பயணிகளின் எண்ணிக்கையையும் வீடு திரும்பும் பயணிகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டதற்குச் சமம்.

அடுத்த சனிக்கிழமை அப்பாவோடு அடல் சேது கடல் பாலம் வழியாக நவா ஷேவாவுக்குப் போனேன். துறைமுகத்துக்குள் நுழைய எனக்கு அனுமதிச் சீட்டு இல்லை. அவர் வழக்கமாகப் போகும் ஒரு சரக்குப் பெட்டக நிலையத்திலும் (துறைமுகத்துக்கு வெளியே பெட்டிகளை வைத்துச் சுங்க வேலையை முடிக்கும் இடம், சி.எஃப்.எஸ். என்றால்தான் அங்கே எல்லோருக்கும் புரியும்) அதன் வெளியே இருந்த டீக்கடையிலும் ஐந்து மணி நேரம் இருந்தேன். காலையிலிருந்து ஒரு டிரெய்லர் அசையாமல் நின்றது. சிங்கப்பூருக்குப் புறப்படும் முன் நான் அதைப் பார்த்திருந்தால் துறைமுகத்தின் மந்தம் என்று எழுதியிருப்பேன். அப்பா விசாரித்துச் சொன்னார்: பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவம்) தாக்கலாகி மதிப்பீடும் முடிந்துவிட்டது, இறக்குமதியாளர் வரி கட்டவில்லை, அதனால் சரக்கை எடுத்துச் செல்லலாம் என்னும் சுங்கத்தின் அவுட் ஆஃப் சார்ஜ் உத்தரவு வரவில்லை. பெட்டி காத்திருந்தது கிரேனுக்காக அல்ல, பணத்துக்காக. பெட்டியைக் கொடுக்கலாம் என்னும் கப்பல் நிறுவனத்தின் டெலிவரி ஆர்டருக்காகக் காத்திருப்பவை, பரிசோதனைக்காகக் காத்திருப்பவை, உரிமையாளரின் கிடங்கில் இடமில்லாததால் காத்திருப்பவை என ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு காரணம் இருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இறுதி அறிக்கையைப் புதிதாக எழுதினேன். சிங்கப்பூரில் உள்ளூருக்குள் நுழையும் மீதிச் சரக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கான காகித வேலையை நம்முடையதோடு ஒப்பிட்டேன். சிங்கப்பூரின் டிரேட்நெட் ஒற்றைச் சாளர முறை (வணிக அனுமதிகளை ஒரே இடத்தில் மின்னணு வழியில் பெறும் முறை) 1989இல் தொடங்கியது. நம் ஜவாஹர்லால் நேரு துறைமுகமும் அதே 1989இல்தான் செயல்படத் தொடங்கியது. வாய்மொழித் தேர்வில் இதையே பிடித்துக்கொண்டு, இந்தியாவுக்கு ஒற்றைச் சாளரம் 2016வரை ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். சுங்கத்தின் மின்னணுத் தாக்கல் நம்மிடம் 1990களிலேயே வந்துவிட்டது என்றும், உணவுப் பாதுகாப்பு, தாவர நோய்த்தடுப்பு, மருந்துக் கட்டுப்பாடு போன்ற தனித்தனி அமைப்புகளின் அனுமதிகளை ஒரே படிவத்துக்குள் கொண்டுவருவதுதான் 2016இல் நடந்தது என்றும் பதில் சொன்னேன். டீக்கடையில் அப்பா சொன்ன பதில் அது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. நான் கூட்டத்தில் பேசத் தயங்கும் இயல்புடையவன். ஆகவே இவை எல்லோருக்கும் பொருந்தாமல் போகலாம்.

- புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே, அங்கே பார்க்கப்போகும் அதே வகை இடத்தை மும்பையில் ஒரு முழுநாள் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள்.

- அன்று பார்த்ததை அன்றிரவே எழுதுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே நள்ளிரவு என்றால் உங்கள் உடலுக்கு இரவு ஒன்பதரைதான், தூக்கம் வராது. ஆறு நாளில் நானூறுக்கு மேல் படம் எடுத்தேன், ஒன்றுகூட அறிக்கைக்கு உதவவில்லை. படம் எடுக்கத் தடையிருந்த துவாஸ் நாளின் குறிப்புகள் மட்டுமே கைகொடுத்தன, ஏனென்றால் அன்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

- அரங்கில் எழுந்து கேள்வி கேட்டு மதிப்பெண் வாங்கலாம் என்று எண்ண வேண்டாம். உரை முடிந்து நடந்துபோகும்போது ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளுள் ஒன்று. எங்கள் பேருந்து ஓட்டுநர் தமிழர், முன்பு பெட்டி லாரி ஓட்டியவர். மேடையில் பேசிய யாரையும்விட அவரிடமிருந்துதான் வாயில் நடைமுறையைப் புரிந்துகொண்டேன்.

- மேக்ஸ்வெல் சாலையில் உள்ள நகரக் காட்சிக்கூடத்துக்கு ஒரு மணி நேரம் போதும்.

- குழு அறிக்கையின் கடைசி வடிவத்தை ஒருவரே எழுதட்டும். ஆறு பேர் ஆறு நடையில் எழுதிய எங்கள் முதல் வடிவத்தை வழிகாட்டி ஆசிரியர் படிக்காமலே திருப்பித் தந்தார்.

அடுத்த அணி துபாய் செல்வதாக அறிகிறேன். 1985இல் தொடங்கிய ஜெபல் அலி தடையற்ற வணிக மண்டலம் உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கும். அப்படியானால் முதலில் நம் அந்தேரியில் உள்ள சீப்ஸ் (SEEPZ) மண்டலத்தைப் பாருங்கள். ஏற்றுமதிக்கென்று அது 1973இல் உருவானது, ஜெபல் அலி மண்டலத்துக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தது. கல்லூரியின் கடிதம் இல்லாமல் அதற்குள் போவது கடினம், கடிதத்தில் கையெழுத்து வாங்க நாளாகும். இந்த வாரமே துறை அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.