கொலுசு வெள்ளியும் அரை ஸ்பின்னும்

சேலத்துக்காரர்களுக்கு வெள்ளி என்றால் கொலுசு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைகளில் மூசையில் வெள்ளி உருகுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். குவாண்டம் இயற்பியலிலும் அந்த உலோகத்துக்குத் தனி மரியாதை உண்டு, ஏனென்றால் எலக்ட்ரானின் ஸ்பின், அதாவது சுழற்சி போன்ற அதன் பிறவிக் குணம், முதலில் தடம் பதித்தது வெள்ளி அணுவில்தான். அக்கா மகன் எம்.எஸ்சி. படிக்கிறான். "மாமா, ஸ்பின் அரைன்னா பாதி சுத்து சுத்துதா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதல் வேலையாக, தன்னைத்தானே சுற்றும் பந்துப் படத்தை மறந்துவிடுங்கள். 1925-ல் ஸ்பின் என்ற யோசனையைச் சொன்ன இளம் இயற்பியலாளர்கள் உலன்பெக், கவுட்ஸ்மிட் இருவருமே அப்படித்தான் நினைத்தார்கள். எலக்ட்ரான் பந்தாக இருந்தால் அதன் மேற்பரப்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகமாக ஓட வேண்டிவரும் என்று மூத்த இயற்பியலாளர் லாரன்ட்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். இருவரும் பயந்துபோய்க் கட்டுரையைத் திரும்ப வாங்கலாம் என்று தங்கள் பேராசிரியர் ஏரன்ஃபெஸ்டிடம் போனால், அவர் அதை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார். சின்னப் பையன்கள்தானே, ஒரு அசட்டுத்தனம் செய்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது என்பது அவர் கணக்கு. நல்லவேளை.

அதற்கு 3 வருடம் முன்பே, 1922-ல், ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்ன், கெர்லாக் என்ற இயற்பியலாளர்கள் அந்த வெள்ளிச் சோதனையை முடித்துவிட்டார்கள். வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரியில். இவர்கள் அதற்கும் மேலே சூடாக்கி, எழும்பும் ஆவியை வெற்றிடத்தில் மெல்லிய பிளவு வழியாக விட்டு, ஒரு பக்கம் வலுவாகவும் மறுபக்கம் பலவீனமாகவும் இருக்கும் காந்தப்புலத்துக்குள் அனுப்பினார்கள். வெள்ளி அணு ஒரு குட்டிக் காந்தம் மாதிரி, புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால் அது திரும்புமே தவிர மேலேயோ கீழேயோ இழுபடாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. எதிரே கண்ணாடித் தகடு. அதில் படிந்த வெள்ளி கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசு. ஸ்டெர்ன் மலிவான சுருட்டு பிடிப்பவர், அதில் இருந்த கந்தகம் பட்டு வெள்ளி கருத்து, தடம் தெரிந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். பீரோவில் வைத்த கொலுசு கருத்துப்போகிறதே, அதே வேதியியல்தான்.

அணுக்கள் கண்டபடி சாய்ந்து வருவதால் தகட்டில் ஒரே பட்டையாக இழுவியிருக்க வேண்டும். விழுந்ததோ இரண்டு கோடு, நடுவில் வெறும் இடம். பிரிவு வெறும் 0.2 மில்லிமீட்டர்தான்.

சரி, இதில் அரை எங்கே வந்தது? சுழற்சியின் அளவைச் சொல்லும் கோண உந்தத்துக்கு எச்-பார் என்று ஓர் அலகு. ஒரு திசையில் அளந்தால் கிடைக்கும் மதிப்புகள் படிப்படியாக இருக்கும், அடுத்தடுத்த படிகளுக்கு இடையே சரியாக ஓர் அலகு. மேலே எவ்வளவோ கீழேயும் அவ்வளவு இருந்தாக வேண்டும். 3 படி என்றால் +1, 0, -1. எலக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றுவதால் வரும் சுற்றுப்பாதைக் கணக்கில் எப்போதும் இப்படி ஒற்றைப்படைதான் வரும். இரண்டே படி, இடைவெளி 1, பூஜ்யத்துக்கு இருபுறமும் சமம் என்றால்? +½, -½. வேறு வழியே இல்லை. பாதி சுற்றும் இல்லை, முக்கால் சுற்றும் இல்லை. வெள்ளியின் 47 எலக்ட்ரான்களில் 46 தங்களுக்குள் சமனாகிவிடுகின்றன, மிச்சமிருக்கும் ஒன்றுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் பூஜ்யம். ஆக அந்த இரண்டு கோடும் ஸ்பின்னின் வேலை மட்டுமே. ஸ்டெர்னும் கெர்லாக்கும் அன்றைக்கு இதைச் சுற்றுப்பாதைக் கணக்கு என்றுதான் எடுத்துக்கொண்டார்கள் என்பது தனி வேடிக்கை.

இதைவிட விசித்திரமானது 720 டிகிரி விவகாரம். அரை ஸ்பின் துகளை ஒரு முழுச் சுற்று திருப்பினால் அதன் அலைச்சார்புக்கு (துகளின் நிலையைச் சொல்லும் கணிதக் கோவை) மைனஸ் குறி வரும், இரண்டு சுற்று போனால்தான் பழையபடி ஆகும். ஒரு எவர்சில்வர் தட்டை உள்ளங்கையில் ஏந்தி, சரியவிடாமல் அக்குள் பக்கமாக உள்நோக்கித் திருப்பிப் பாருங்கள். தட்டு ஒரு சுற்று முடிந்திருக்கும், கையோ முறுக்கிக்கொண்டு முழங்கை வானத்தைப் பார்க்கும். நிறுத்தாமல் அதே திசையில் தலைக்கு மேலாக இன்னொரு சுற்று கொண்டுவந்தால் கை நேராகிவிடும். வீட்டில் செய்வதானால் தட்டில் சாம்பார் வேண்டாம்.

கையில் இருக்கட்டும், இயற்கையில் உண்டா என்றால், உண்டு. 1975-ல் நியூட்ரான் கற்றையை சிலிக்கான் படிகத்தால் இரண்டாகப் பிரித்து, ஒரு கிளையை மட்டும் காந்தப்புலத்தில் சுழற்றி, மறுபடி சேர்த்துப் பார்த்தார்கள். ஒரு சுற்றில் குறி மாறியது, இரண்டு சுற்றில் பழைய நிலை திரும்பியது.

ஒரே வகை அரை ஸ்பின் துகள்கள் இரண்டு ஒரே நிலையில் உட்கார முடியாது என்கிற பௌலி விதியும் இதோடு சேர்ந்ததுதான். அது இல்லாவிட்டால் வெள்ளியின் 47 எலக்ட்ரானும் ஆற்றலின் அடிப்படியிலேயே குவிந்திருக்கும். 1940-ல் பௌலி நிரூபணமும் கொடுத்துவிட்டார். ஆனால் அதை எளிமையாக விளக்க முடியவில்லை என்று, பாடம் நடத்துவதில் பேர்போன இயற்பியலாளர் ஃபெய்ன்மனே வகுப்பில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். சார்பியலையும் குவாண்டத்தையும் சேர்த்துப் படிக்கும் தாள் மருமகனுக்கு அடுத்த செமஸ்டரில் வருகிறதாம், அந்தப் பகுதியை அவனே வந்து எனக்கு நடத்தட்டும்.