பதற்ற மாத்திரையிலிருந்து வெளியே வந்த 14 மாதங்கள்

மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் காலையில் எனக்கு வலிப்பு வந்தது. குளியலறை வாசலில் விழுந்து கிடந்ததாகக் கணவர் பிறகு சொன்னார். எனக்கு நினைவிருப்பது நாக்கில் இரத்தத்தின் ருசியும், யாரோ என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்ததும்தான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு மருத்துவர், வழக்கமாக ஏதாவது மாத்திரை சாப்பிடுவீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். கணவர் பக்கத்தில் நின்றிருந்தார். அங்கிருந்த செவிலியருக்கு என்ன தோன்றியதோ, அவரை ஏதோ படிவம் நிரப்ப வெளியே அனுப்பிவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்தபடியே அதே கேள்வியை மறுபடி கேட்டார். அப்போதுதான் சொன்னேன். அல்பிரசோலம் என்ற பதற்ற மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு மில்லிகிராம், ஆறு ஆண்டுகள். ஆறு ஆண்டுகளில் அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னது அந்தப் படுக்கையில்தான். அவர் முகம் சுளிக்கவில்லை, எழுதிக்கொண்டார். அந்த அம்மாளை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை.

அப்பா இறந்த மூன்றாம் மாதம் தொடங்கியது இது. நடு இரவில் நெஞ்சு படபடத்து, கைவிரல்கள் மரத்து, இதோ செத்துவிடப் போகிறேன் என்ற உறுதியோடு எழுந்து உட்கார்ந்தேன். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. பதற்றம்தான் என்றார்கள். கால் மில்லிகிராம் மாத்திரை, இரண்டு வாரத்துக்கு. முதல் மாத்திரை போட்ட அரை மணி நேரத்தில், பல மாதங்களாக இறுகிக் கிடந்த தோள்கள் தானாகத் தளர்ந்தன. அப்படியொரு நிம்மதியை எப்படி வேண்டாம் என்பது? இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கால் அரையானது, அரை ஒன்றானது. மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கப் போனபோதெல்லாம் புதுப்பித்துக் கொடுத்தார்கள். இன்னும் எத்தனை நாளுக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய மூக்குக்கண்ணாடிக் கூடு ஒன்றில் துணிக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை எப்போதும் இருக்கும். கண்ணாடியை மறந்துவிட்டு வெளியே போயிருக்கிறேன். அந்தக் கூட்டை மறந்ததில்லை.

பிறகு எனக்கு விளக்கப்பட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்திருந்தால் நான் அந்த வாசலில் விழுந்திருக்க மாட்டேன். மூளையில் காபா என்றொரு வேதிப்பொருள், நரம்புகளின் துடிப்பை அடக்கி வைக்கிறது. அல்பிரசோலம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன் வகை மாத்திரைகள் அந்த அடக்கும் வேலைக்குப் பலம் சேர்க்கின்றன. வெளியிலிருந்து பலம் வந்துகொண்டே இருந்தால், மூளை தன் பங்கைக் குறைத்துக்கொண்டு அதற்கேற்பப் பழகிவிடுகிறது. ஒரே நாளில் மாத்திரையை எடுத்துவிட்டால் அடக்க ஆளில்லாமல் நரம்புகள் மொத்தமும் கிளம்புகின்றன. நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பு, சிலருக்கு மனக்குழப்பம். உயிரே போகவும் வாய்ப்புண்டு. அளவுக்கு மீறிப் பல காலம் குடித்தவர்கள் திடீரென்று நிறுத்தினாலும் இதே ஆபத்துதான். மன உறுதி இருந்தால் நிறுத்திவிடலாம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் மன உறுதி இருந்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேனே! அந்த உறுதிதான் என்னை வலிப்பு வரை கொண்டுபோய்விட்டது.

இன்னொன்றும் அப்போதுதான் புரிந்தது. அல்பிரசோலத்தின் அளவு உடம்பில் ஏறத்தாழ 11 மணி நேரத்தில் பாதியாகிவிடும். தினமும் விடியற்காலையில் என்னை எழுப்பிய அந்தப் படபடப்பை என் நோய் என்றே நம்பி மாத்திரையைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அதில் பெரும்பங்கு, முந்தைய மாத்திரையின் வேகம் இறங்கியதால் வந்தது.

மருத்துவமனையில் நிலைமை சீரானதும், வெளியே தொடர் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள். உண்மையான அலைச்சல் அங்கேதான் ஆரம்பம்.

முதலில் ஒரு போதை மறுவாழ்வு மையம். வரவேற்பில் இருந்தவர் என்னைப் பார்த்ததும், "யாருக்காக வந்திருக்கிறீர்கள்? கணவருக்கா?" என்றார். எனக்காக என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அவர்கள் பார்ப்பது மதுவையும் போதைப்பொருளையும்தானாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை என்றால் மனநல மருத்துவரிடம்தான் போக வேண்டுமாம். சரியென்று ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "இது அடிமைத்தனம். முதலில் அதை விட்டுவிட்டு வாருங்கள், பதற்றத்தைப் பிறகு பார்க்கலாம்" என்றார். பதற்றத்துக்காகத்தான் மாத்திரை, மாத்திரையால்தான் பதற்றம். இந்த இரண்டில் எதை முதலில் விட்டுவிட்டு எந்த வாசலில் போய் நிற்பது? வெளியே வந்து வாகனம் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். அன்று இரவு, இருந்து என்ன பயன் என்கிற எண்ணம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இந்த அலைச்சலில் பலருக்கு அது வரும். வந்தால் தனியாக வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் நாட்டின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இப்போதே கைபேசியில் சேமித்து வையுங்கள், தேவைப்படும் நேரத்தில் தேடும் தெம்பு இருக்காது. நான் அன்று அழைத்தது அக்காவை.

அக்கா அதிகம் பேசவில்லை. "காலையில் வருகிறேன். அதுவரை மருத்துவமனையில் சொன்ன அளவை மட்டும் போட்டுக்கொள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றாள். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகத் தொலைபேசியில் அழைத்தாள். எல்லா இடத்திலும் அதே கேள்விகள். மதுவோ மாத்திரையோ சார்ந்திருப்பவருக்கு மனநலப் பிரச்சினையும் இருந்தால் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பீர்களா? அளவைப் படிப்படியாகக் குறைக்க மருத்துவர் இருக்கிறாரா, அல்லது வந்த அன்றே நிறுத்திவிடுவீர்களா? வலிப்பு வந்தவரைச் சேர்த்துக்கொள்வீர்களா? வீட்டுக்குத் திரும்பிய பிறகு யார் பார்ப்பார்கள்? வந்த அன்றே நிறுத்திவிடுவோம், பத்து நாளில் குணம் என்று இரண்டு இடங்களில் பெருமையாகச் சொன்னார்கள். அக்கா அவற்றை அடித்துவிட்டாள். ஏழாவது அழைப்பில், மறுமுனையில் இருந்தவர் பதில் சொல்லும் முன்பே எதிர்க்கேள்வி கேட்டார்: "கடைசி மாத்திரை எப்போது போட்டார்?" அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சரியான இடம் கிடைத்துவிட்டது என்று இருவருக்கும் தெரிந்தது.

இரண்டு நோய்களும் சேர்ந்திருப்பதை இரட்டை நோயறிதல் என்கிறார்கள். இது அபூர்வமே அல்ல. மனச்சோர்வுக்குக் குடிப்பவர்கள், குடியால் மனச்சோர்வு வந்தவர்கள், எது முதலில் வந்தது என்றே பிரிக்க முடியாதவர்கள் என்று அந்தக் காத்திருப்பு அறை நிறைந்திருந்தது. அங்கே இருந்த மருத்துவர் முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை நாள், மதுவோடு சேர்த்தது உண்டா, ஓபியாய்டு வகை வலி மாத்திரைகள் எடுத்ததுண்டா (பென்சோடயசெபைனோடு அவை சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து இருக்கிறதாம்), சாக வேண்டும் என்று தோன்றியதா. கடைசிக் கேள்வியை முதல் கேள்விகளின் அதே குரலில் கேட்டார். அதனால்தான் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

நான் அடிமையா என்று அவரிடம் கேட்டேன். அந்தச் சொல் என்னைத் தின்றுகொண்டிருந்தது. உடம்பு பழகிப்போவது சார்பு, அது சொன்னபடி சாப்பிட்ட யாருக்கும் வரலாம் என்றார். ஒளித்து வைத்ததும், சொன்னதற்கு மேல் கூட்டியதும் அடுத்த கட்டம், அதையும் சேர்த்தே பார்ப்போம் என்றார். மழுப்பவும் இல்லை, பயமுறுத்தவும் இல்லை. பென்சோடயசெபைன் வகையின் முதல் மாத்திரை 1960இல் சந்தைக்கு வந்தது. ஒழுங்காகச் சாப்பிட்டாலும் சார்பு வரலாம் என்ற எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிப் போட வேண்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆணையிட்டது 2020இல். இடைப்பட்ட 60 ஆண்டுகளில் என்னைப்போல் எத்தனை பேர் தங்களையே குற்றம் சொல்லிக்கொண்டு இருந்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

திட்டம் எளிமையானது, ஆனால் மெதுவானது. அல்பிரசோலத்துக்குப் பதிலாக, உடம்பில் நீண்ட நேரம் தங்கும் டயசெபாமுக்குச் சிறிது சிறிதாக மாற்றினார்கள். ஏற்ற இறக்கம் குறையும் என்பதற்காக. இங்கிலாந்தின் நியூகாசிலில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு சிகிச்சையகம் நடத்தினார். நோயாளியின் வேகத்துக்கு ஏற்பக் குறைப்பது என்ற இந்த முறை பரவலாகத் தெரியவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்போதிருக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கு வரை குறைப்பது என்று முடிவானது. தாங்கவில்லை என்றால் அதே அளவில் நிற்கலாம், ஆனால் ஏறக் கூடாது. இது எனக்கு எழுதியது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் தாமாகத் தொடங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

கடைசி மாதங்களில் மாத்திரையின் நடுக்கோட்டில் வெட்டும் கருவியை வைத்து அழுத்தும்போது தெறிக்கும் வெள்ளைத் துகள் இன்னமும் கண்ணில் இருக்கிறது. மேசையில் சிதறியதை விரல் நுனியால் ஒற்றி எடுத்து நாக்கில் வைக்கப் போன கையை ஒருநாள் நானே பார்த்தேன். எழுந்து போய்க் கையைக் கழுவினேன். மறுநாளிலிருந்து வெட்டும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். அதுவரை அவருக்கு என்மேல் வருத்தம் இருந்தது, ஆறு ஆண்டு மறைத்ததற்கு. குடும்பத்தாருக்கான அமர்வு ஒன்றில் அவரையும் உட்கார வைத்துப் பேசிய பிறகுதான் வீட்டில் பேச்சு இயல்பானது.

பதற்றத்துக்கு உளவியல் ஆலோசகரிடம் வாரம் ஒருமுறை. நெஞ்சு படபடப்பதை "இதயம் நிற்கப் போகிறது" என்று மனம் தப்பாக வாசிப்பதும், அந்த வாசிப்பு படபடப்பை இன்னும் ஏற்றுவதும் ஒரு சுழல் என்று அவர் வரைந்து காட்டினார். பிறகு அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைக்கச் சொன்னார். நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, மெல்லிய குழாய் வழியாக மட்டும் மூச்சு விடுவது. முதல் முறை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிறுத்தச் சொல்லிவிட்டேன். எட்டாவது வாரம், நெஞ்சு திம்திம் என்று அடிக்க, நான் செத்துப்போகாமல் அவர் முன் உட்கார்ந்திருந்தேன். எந்த மாத்திரையும் இல்லாமல் அது தானாக இறங்குவதை ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் காத்திருந்து பார்த்ததில்லை.

ஆதரவுக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் முதலில் போன குழுவில் ஒருவர், டயசெபாம் எடுத்துக்கொண்டிருக்கும்வரை நீங்கள் மீண்டதாகக் கணக்கில்லை என்றார். மருத்துவர் மேற்பார்வையில் குறைத்துக்கொண்டிருப்பவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. கேட்டுவிட்டு மாத்திரையை எறிந்திருந்தால் மறுபடி வலிப்புதான். இரண்டு வாரம் எங்கும் போகவில்லை. ஒரு குழு சரியில்லை என்றால் எல்லாக் குழுக்களும் அப்படித்தான் என்று முடிவு செய்யாதே என்று அக்காதான் பிடிவாதம் பிடித்தாள். சிகிச்சை மையத்திலேயே நடந்த இன்னொரு குழுவில் சேர்ந்தேன். மது, மாத்திரை, சூதாட்டம் என்று கலந்து ஒன்பது பேர். ஒரு பெரியவர், தான் மாத்திரைகளை ஒளித்து வைத்த இடங்களை எண்ணிச் சொன்னார். நான்காவது இடம் கண்ணாடிக் கூடு. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை, காத்திருந்தார்கள்.

பத்தாம் மாதம் சறுக்கினேன். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில், தூக்கி எறிந்துவிட்டேன் என்று நான் சொல்லியிருந்த அந்தக் கூட்டிலிருந்து இரண்டு அல்பிரசோலம். போட்ட பிறகு மனம் சொன்னது: எல்லாம் போயிற்று, இனி எதற்குக் கணக்கு? இந்தக் குரல் எல்லோருக்கும் வரும் என்றும், சறுக்கலை முழு வீழ்ச்சியாக்குவது இதுதான் என்றும் குழுவில் கேட்டிருந்தேன். அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அதனால் அன்று மாலையே மருத்துவரை அழைத்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. இன்னும் எத்தனை மிச்சம் இருக்கிறது என்றுதான் கேட்டார். பதினான்கு. அவற்றை மருந்தகத்தில் ஒப்படைத்துவிட்டு வரச் சொன்னார். ஒரு மாதம் அளவைக் குறைக்காமல் நிறுத்தி வைத்து, பிறகு தொடர்ந்தோம்.

கடைசி மாத்திரை முடிந்து ஓராண்டு ஆகப் போகிறது. சில இரவுகளில் நான்கு மணி நேரம்தான் தூங்குகிறேன். கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுகிறேன். பதற்றத்துக்கு, அந்த வகையைச் சேராத வேறொரு மருந்து தொடர்கிறது. அதை எப்போது, எப்படிக் குறைப்பது என்று இந்த முறை முதல் நாளே கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

பணப்பையில் ஓர் அட்டை வைத்திருக்கிறேன், மருத்துவர் சொல்லி நானே எழுதியது. ஆறு ஆண்டுகள் அல்பிரசோலம், திடீரென்று நிறுத்தியதில் வலிப்பு, நிறுத்திய தேதி, மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால் கவனிக்கவும். நான் பேச முடியாத நிலையில் யாராவது என்னைக் கண்டால் அவர்களுக்காக. பின்பக்கம் அக்காவின் எண் இருக்கிறது.