சேமலாப நிதியும் வாங்கில் கேட்ட கதைகளும்

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதை நிறுத்தியதும் சேமலாப நிதிக் காசை எடுத்துவிடலாம் என்று சாதாரணமாகத்தான் கிளம்பினோம். இலங்கையின் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேர்ந்துவரும் காசு அது. சம்பளத்தில் நூற்றுக்கு 8 தொழிலாளியின் பங்கு, 12 தோட்டத்தின் பங்கு. பெண்கள் 50 வயது நிறைந்து வேலையை விட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் காகிதத்தில் எங்கள் அம்மா ஒருவரல்ல, மூன்று பேர்.

தோட்டத்தின் வேலைப் பதிவேடான பழைய செக்ரோலில் ஒரு பெயர். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறிய பிறகு வேறு இலக்கம், பெயரிலும் ஓர் எழுத்து வேறு. அடையாள அட்டையிலோ கடைசியில் ‘அம்மா’ என்று கூடுதலாக ஒட்டியிருந்தது. அந்த அட்டை கிடைத்ததே 2003ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகுதான். அதுவரை நாடற்றவர் கணக்கில் இருந்தவருக்கு, பெயரை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று சரிபார்க்கும் தைரியம் எங்கிருந்து வரும்?

“மூன்றும் ஒரே ஆள்தான் என்று எழுத்தில் கொண்டுவாருங்கள்” என்றார் தோட்ட அலுவலகத்தில் இருந்தவர். வருடக்கணக்காக முகத்தைப் பார்த்தே அம்மா வேலைக்கு வந்ததாகப் பேர் போட்டவர் அவர். கோபம் எனக்குத்தான் வந்தது. அம்மா, “மாரியாத்தா பார்த்துக்கொள்வாள்” என்று வெற்றிலையை மடித்தார். மாரியாத்தாவுக்கு, நிதிக் காசைக் கேட்கும் ‘கே’ படிவம் நிரப்பத் தெரியுமா என்று கேட்க வாய்வரை வந்தது.

தொழில் அலுவலகத்து வாங்கில் உட்கார்ந்தபோதுதான் நிலைமை மாறியது. பக்கத்தில் இருந்த அக்கா, இறந்துபோன கணவரின் காசுக்காக அலைந்தவர். பொலித்தீன் பையை மடியில் பிரித்து, சாயக்கறை படிந்த காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துக் கதை சொன்னார். முதலில் கிராம உத்தியோகத்தரிடம் கடிதம். அதில் பிரதேச செயலாளரின் ஒப்பம். பிறகு சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி. நடுவில் மடு மாதாவுக்கு ஒரு நேர்த்தி. எந்தக் கிழமை கிராம உத்தியோகத்தர் இருக்கையில் இருப்பார் என்பதையும், மடுவுக்கு எந்த பஸ்ஸில் போனார் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னார். இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்கவேயில்லை. எதிரே இருந்த பெரியவர் தம் காசு வந்து கறவை மாடு வாங்கிய கதையைச் சொன்னார். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த மாடு இன்னும் ஒரு போத்தல் பால் கூடுதலாகக் கறந்திருக்கும் என்பது என் சந்தேகம். இருந்தாலும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “கவலைப்படாதீர்கள், கிடைக்கும்” என்று ஊரில் எத்தனையோ பேர் சொன்னதைவிட, கிடைத்த ஒருவரின் மாடு எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அக்கா சொன்ன வரிசையிலேயே போனோம். மலையில் மழை விடாத மாதம். கடிதங்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் பஸ் ஏற வேண்டியிருந்தது. சமாதான நீதவான் வீட்டில் அம்மாவின் பெருவிரலை மையில் அழுத்தினால், காகிதத்தில் கறுப்புப் பொட்டு மட்டும் விழுந்தது, ரேகை விழவில்லை. கொழுந்து கிள்ளிக் கிள்ளித் தேய்ந்த விரல். அவர் ஈரத்துணியால் துடைத்து, மையைக் குறைத்து, தாமே விரலைப் பிடித்து மெதுவாக உருட்டினார். அப்போதுதான் நான்கைந்து கோடுகள் தெரிந்தன. “இது போதும் தாயி” என்றார். கட்டணம் கேட்கவில்லை.

பிறகு படிவம் உள்ளே போனது, காத்திருந்தோம், காசு வங்கிக் கணக்குக்கு வந்தது. கடைக் கடன் தீர்ந்தது. கோயில் கூரைக்கு அம்மா இரண்டு தகரம் வாங்கிக் கொடுத்தார். நான் மறுக்கவில்லை.

இப்போது பக்கத்து லயன் வீடுகளில் பெயர்ச் சிக்கல் என்றால் அம்மாவிடம்தான் வருகிறார்கள். கிராம உத்தியோகத்தர், ஒப்பம், சத்தியக் கடதாசி என்று வரிசை பிசகாமல் சொல்கிறார். பெரிய ஐயாவே எழுந்து தமக்கு நாற்காலி போட்டார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அப்படி யாரும் நாற்காலி போடவில்லை. கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அடுத்த நாளே பஸ் ஏறுவதால், நான் அதைத் திருத்துவதில்லை.