நாலு குண்டு சோதனையைப் பார்த்து இன்ஜின் ஆயில் வாங்காதீர்கள்

சுழலும் வளையத்தில் எஃகு உருளையை அழுத்தி, "அந்த ஆயில் கத்துது, எங்க ஆயில் கத்தல பாருங்க" என்று காட்டும் வித்தையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குக் கோட்டு சூட்டு போட்ட அண்ணன்தான் நாலு குண்டு சோதனை. மூன்று எஃகுக் குண்டுகளின் மேல் நாலாவது குண்டு 40 கிலோ சுமையோடு, 75 டிகிரி சூட்டில், நிமிடத்துக்கு 1,200 சுற்று வீதம் ஒரு மணி நேரம் சுழலும். பிறகு குண்டில் விழுந்த தழும்பை அளப்பார்கள். தழும்பு சின்னதாக இருந்தால் விளம்பரம் ரெடி.

இன்ஜினுக்குள் குண்டுமேல் குண்டு எங்கே உரசுகிறது? கிராங்க் பேரிங் ஓடும்போது ஆயில் படலத்தில் மிதக்கிறது. வால்வைத் தள்ளும் கேம் முனையிலும், பிஸ்டன் திரும்பும் இடத்தில் ரிங்கிலும்தான் உலோகம் உலோகத்தைத் தொடும். அங்கேயும் இருப்பது கரியும் பெட்ரோலும் அமிலமும் கலந்த ஆயில், டப்பாவிலிருந்து ஊற்றிய புது ஆயில் இல்லை. குளோரின் ஏற்றிய பாரஃபினைக் கொஞ்சம் கலந்தால் உருளை வித்தையில் ஜெயித்துவிடலாம். அதே குளோரின் இன்ஜினுக்குள் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, உலோகத்தை அரிக்கும்.

நம்பத்தக்க சோதனை எது என்றால், 150 டிகிரியில், நொடிக்குப் பத்து லட்சம் என்ற வெட்டு வேகத்தில், அதாவது மெல்லிய படலத்தை இரு பரப்புகள் படுவேகமாக உரசி இழுக்கும் நிலையில், அளக்கும் பாகுத்தன்மை (ஆயிலின் கெட்டித்தனம்). பேரிங்கில் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். 20டபிள்யூ-40 ஆயிலுக்கு இது குறைந்தது 3.7 சென்டிபாய்ஸ் (பாகுத்தன்மையின் அளவு) இருக்க வேண்டும், 10டபிள்யூ-30க்கு 2.9. டேட்டா ஷீட்டில் 100 டிகிரியில் அளந்த பாகுத்தன்மையை மட்டும் போட்டு இதை விட்டிருந்தால், கடைக்காரரிடம் கேளுங்கள். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண்ணைப் பற்றி சென்னையில் அவ்வளவு கவலை வேண்டாம். 20டபிள்யூ என்பதே மைனஸ் 15 டிகிரியில் ஸ்டார்ட் ஆகுமா என்ற கேள்வி. நம் மார்கழிக்கு அது எதற்கு? கத்திரி வெயிலில் கத்திப்பாரா நெரிசலில் நிற்கும் வண்டிக்கு நோவாக் எண்தான் முக்கியம்: 250 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் எத்தனை சதவீதம் ஆவியாகிறது என்ற கணக்கு. டப்பாவில் போடும் அமெரிக்கத் தர முத்திரைகளில் ஒன்றான ஏபிஐ எஸ்பியில் உச்சவரம்பு 15 சதவீதம்.

ஆய்வகம் ஏமாந்ததும் உண்டு. 1980-81 குளிர்காலத்தில் அமெரிக்காவின் சூ ஃபால்ஸில், அன்றைய குளிர்ச் சோதனைகளில் தேறிய ஆயில்களே இன்ஜினின் அடித்தொட்டியான சம்ப்பில் களியாக உறைந்தன. பம்ப் இழுக்க முடியாமல் இன்ஜின்கள் பழுதாகின. சோதனையில் ஆயிலைச் சட்டென்று குளிர்வித்தார்கள், ஊரிலோ அது மெல்ல மெல்லக் குளிர்ந்தது. அதற்கப்புறம்தான் இரண்டு நாள் வரை இழுத்துக் குளிர்விக்கும் முறை வந்தது. டர்போ பெட்ரோல் இன்ஜினில் குறைந்த வேகத்தில் கலவை முன்கூட்டியே பற்றி பிஸ்டனை உடைக்கும் கோளாறும் அப்படித்தான். ஆயிலில் அழுக்கைக் கழுவச் சேர்க்கும் கால்சியம் டிடர்ஜென்ட் அதைக் கூட்டுகிறது என்பதை எந்தக் குண்டும் காட்டாது. அதற்காக நிஜ இன்ஜினையே ஓட்டிப் பார்க்கும் சோதனை, 2018இல் வந்த ஏபிஐ எஸ்என் பிளஸ் தரத்தோடு கட்டாயமானது.

பைக்கில் கிளட்சும் இன்ஜின் ஆயிலிலேயே நனைவதால், ஜாசோ எம்ஏ2 என்ற ஜப்பானியத் தர முத்திரையைப் பாருங்கள். கிளட்ச் தட்டுகளையே வைத்துச் சோதிப்பதால் வழுக்குமா என்பதை அது ஓரளவு சரியாகவே சொல்லிவிடும். கியரும் அதே ஆயிலில் அரைபடுவது வேறு கதை. ஆயில் சூட்டில் நீர்த்துப்போகாமல் இருக்கச் சேர்க்கும் பாலிமரைப் பல்சக்கரம் நறுக்க நறுக்க 40 கிரேடு 30 ஆக இறங்கிவிடும்.

ஓடிய ஆயிலை லேபுக்கு அனுப்புவதானால், இன்ஜின் சூடாக இருக்கும்போது முதலில் வழிவதை விட்டுவிட்டு, நடுவில் வரும் ஆயிலை உலர்ந்த 100 மில்லி பாட்டிலில் பிடியுங்கள். இரும்பு, சிலிக்கான் அளவைச் சொல்லும் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு ஏழெட்டு மைக்ரானைத் தாண்டிய துகள் சரியாகத் தெரியாது. ரிப்போர்ட் சுத்தமாக வந்த வண்டியிலும் பேரிங் உரிந்துகொண்டிருக்கலாம். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, காந்தம் வைத்துப் பாருங்கள். ஆயில் படலத்தில் மிதக்கும் வகை பேரிங்கின் மேற்பூச்சு உலோகம் காந்தத்தில் ஒட்டாது, அதனால் மின்னும் செதிலைக் கண்ணால்தான் தேட வேண்டும்.