வலுவான பாறைதான் குலுக்குகிறது: என் ஆய்வக நாட்கள்

பூமிக்கடியில் இருக்கும் சூட்டை எடுக்க ஆழமாகத் துளைக்கும் புவிவெப்பக் கிணற்றில் அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்தும்போது சில இடங்களில் மட்டும் நிலம் ஏன் நடுங்குகிறது? என் முனைவர் பட்ட ஆய்வே இதுதான். சுவிட்சர்லாந்தின் பாசெலில் 2006 டிசம்பரில் 3.4 அளவில் நடுக்கம் வந்து, கடைசியில் திட்டத்தையே கைவிட்டார்கள். தென்கொரியாவின் போஹாங்கில் 2017 நவம்பர் 15 அன்று வந்தது 5.5 அளவு. பலர் காயமடைந்தார்கள், வீடுகள் விரிசல் விட்டன. கிணற்றில் நீர் செலுத்தியதுதான் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019இல் அறிவித்தது. இந்த விவாதங்களில் நீரழுத்தம்தான் அதிகம் அடிபடும். நிலத்தடிப் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நகரும் பிளவுக்குள் என்ன கனிமம் இருக்கிறது என்று பார்க்க வந்தவன் நான்.

வேலையில் பாதி, பிளவுக்குள் நொறுங்கிக் கிடக்கும் பாறையைப் போன்ற தூள் தயாரிப்பதுதான். கருங்கல்லை உடைத்து, அரைத்து, சலித்து, குளோரைட் என்ற, களிமண் போல மென்மையான கனிமத்தின் தூளைப் பல விகிதங்களில் கலந்து, எஃகுக் கட்டைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குச் சமமாகப் பரப்ப வேண்டும். அப்புறம் தண்ணீர் ஊற விட்டு, சூடேற்றி, அழுத்தம் கொடுத்து உரச விடுவோம். அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

நொடிக்கு ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேகத்தில் நகர்ந்துகொண்டிருப்பதைச் சட்டென்று பத்து மைக்ரானாக்குவோம். திரையில் உராய்வுக் கோடு மேலே துள்ளும். அது கடைசியில் எங்கே போய் நிற்கிறது என்பதைத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். பழைய மட்டத்துக்கு மேலே நின்றால், வேகம் கூடக் கூடத் தூள் இறுக்கிப் பிடிக்கிறது, நகர்வு தானே அடங்கிவிடும். கீழே இறங்கினால் சறுக்கல் தன்னைத்தானே வேகப்படுத்திக்கொள்ளும். நிலநடுக்கம் அங்கேதான் கருக்கொள்கிறது.

குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கடினமான கனிமங்கள் நிறைந்த கருங்கல் தூள் வலுவானது, உராய்வு எண் 0.6க்கு மேல். ஆனால் நனைந்த நிலையில், சுமார் 100 முதல் 350 டிகிரி வரையிலான சூட்டில், கோடு கீழே இறங்கியது. கிணறுகளின் அடியில் இருப்பதும் ஏறக்குறைய அதே சூடுதான். குளோரைட்டைக் கூட்டக் கூட உராய்வு குறைந்தது, கோடோ மேலே நின்றது. வலுவில்லாத பிளவுதான் ஆபத்து என்று பலரும் நினைப்பதற்கு இது நேர்மாறு. கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் பிளவைத் துளைத்தபோது, மெதுவாக ஊர்ந்துகொண்டே இருக்கும் பகுதியில் சப்போனைட் என்ற மென்மையான களிமண் கனிமம் கிடைத்ததும் இதோடு ஒத்துப்போகிறது.

வைவாவில், அதாவது ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், ஒரு தேர்வாளர் கேட்டார்: "அப்படியென்றால் களிமண் உள்ள பிளவில் தைரியமாகத் தண்ணீர் செலுத்தலாமா?"

கூடாது என்றேன். களிமண் நீரைக் கசிய விடாது. அழுத்தம் ஒரு பக்கமாகத் தேங்கி, பக்கத்திலிருக்கும் வலுவான பாறைப் பிளவுக்குப் போய்ச் சேரலாம். அதனால்தான், துளையிடும்போது மேலே வரும் பாறைத் துகள்களை எக்ஸ்ரே சோதனையில் வைத்து, எந்த ஆழத்தில் என்ன கனிமம் என்று தெரிந்த பிறகே பம்பை இயக்க வேண்டும் என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன்.