கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எங்கள் நண்டுக் கடலை எழுத வைத்தோம்

எங்கள் குப்பத்துக்குத் தெற்கே இருக்கும் துறைமுகத்தை விரிவாக்கி, கப்பல் வரும் கால்வாயையும் ஆழப்படுத்தப் போவதாகப் பேப்பரில் அறிவிப்பு வந்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் விதி. எங்களுக்குக் கிடைத்ததும் அவ்வளவுதான்.

ஊரில் எல்லோருக்கும் மண்ணரிப்பு பயம். நியாயமான பயம். நம் கிழக்குக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல் கொட்டி அலைதடுப்பு கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை போகும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும், ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் அப்படித்தான். அதைப் பேச நிறையப் பேர் இருந்தார்கள். நானோ, கால்வாயை ஆழப்படுத்தும்போது வாருகிற மண்ணைக் கொண்டுபோய் எங்கே கொட்டுவார்கள் என்று தேடினேன்.

ஆட்சியர் அலுவலகத்தில் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் பார்க்கக் கொடுத்தார்கள். தமிழில் இருந்தது சுருக்கம் மட்டும். அதில் மண் கொட்டும் இடம் இல்லை. ஆங்கிலத்தில் இருந்த முழு அறிக்கையை இரண்டு நாள் புரட்டிய பிறகு, ஒரு அட்டவணையில் நான்கு மூலைகளின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடைத்தன. கையால் எழுதிக்கொண்டு வந்தேன்.

பெரியப்பாவிடம் ஒரு நோட்டு உண்டு. வலை விட்ட இடங்களின் ஜிபிஎஸ் எண்கள், பக்கத்திலேயே எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம், அடியில் சேறா மணலா என்று பென்சிலில் குறித்திருப்பார். உப்புத் தண்ணீர் பட்டு ஓரமெல்லாம் அலையலையாகச் சுருண்டிருக்கும். நான் எண்களை வாசிக்க, அவர் ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

“பாப்பா, இது நம்ம நண்டு வலை விடுற இடம். பன்னிரண்டு பாகம்.”

நண்டு வலை கடலடியில் கிடக்கிற வலை. அதன்மேல் சேறு வந்து விழுந்தால் நண்டும் இல்லை, வலையும் இல்லை. பிறகு நான்கு படகுக்காரர்களின் எண்களையும் வாங்கி ஒரே தாளில் வரைந்தோம். அதை மனுவோடு சேர்த்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டேன்.

கூட்டத்துக்கு ஆட்சியர் தலைமை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தார் நடத்தினார்கள். முழுக்க வீடியோ எடுத்தார்கள். என் முறை வந்தபோது மூன்று நிமிடம் பேசினேன். கை நடுங்கியது, தாள் இருந்ததால் தப்பித்தேன்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பாதிக் கூட்டம் கலைந்துவிட்டது. தயவுசெய்து போகாதீர்கள். பேசியதையெல்லாம் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, அன்றைக்கே ஆட்சியர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. திட்டத்துக்கு அனுமதி கொடுக்கலாமா என்று ஆராயும் டெல்லி நிபுணர் குழு, மக்கள் சொன்னதாகப் பார்ப்பது அந்தக் குறிப்பைத்தான். என் பேச்சு அதில், “மீன்பிடித் தொழில் பாதிக்கும் என்றார்” என்று ஒரே வரியாக வந்தது. எழுந்து நின்று, “ஐயா, நான் இடம் சொன்னேன், எண் சொன்னேன், அது வரவில்லை” என்றேன். ஆட்சியர் தாளை வாங்கிப் பார்த்துச் சேர்க்கச் சொன்னார்.

குறிப்பின் நகல் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டப்பட்ட அன்று பெரியப்பா நோட்டோடு வந்தார். ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தார். கடைசி எண்ணில் ஒரு இலக்கம் மாறியிருந்தது. திருத்தச் சொல்லி மறுநாளே மனு கொடுத்திருக்கிறோம்.