வடசென்னையில் புரோக்கரோடு வீடு பார்க்கப் போகும் முன்

தண்டையார்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், நெட்டில் வருவதற்கு முன்பே தெருமுனை டீக்கடைக்கு வந்துவிடும். எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரியவில்லை, யாருக்குப் பெண் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தெரு புரோக்கருக்குத் தெரியும். அவருக்குக் கமிஷன் கொடுப்பது இதற்காகத்தான். ஆனால் வீடு நிற்கிற நிலம் யாருடையது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் பணம் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் அங்கேதான்.

"பில்டிங் மட்டும்தான் சார், லேண்டு கோயிலுது. மூணு தலைமுறையா இருக்காங்க, ஒரு பிரச்சனையும் இல்ல." இந்தப் பேச்சைக் கேட்டதும் விலை பேசுவதை நிறுத்திவிட்டுக் காகிதத்தைக் கேளுங்கள். கோயில், அறக்கட்டளை, தனியார் எஸ்டேட் நிலத்தில் மனை வாடகை கட்டிக்கொண்டு, மேலே சொந்தச் செலவில் வீடு கட்டிக்கொண்டவர்கள் இங்கே நிறையப் பேர். அவர்கள் விற்பது கட்டடத்தை மட்டும். நிலம் தனியாருடையது என்றால், 1921-ஆம் ஆண்டு நகர வாடகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, கட்டடம் கட்டியவர் நிலத்தை விலைக்குக் கேட்டு நீதிமன்றம் போக வழி உண்டு. கோயில் உள்ளிட்ட சமய நிறுவனங்களின் நிலத்துக்கு அந்த வழி 1996 திருத்தத்தோடு அடைபட்டுவிட்டது. வங்கிக் கடன் எதிர்பார்க்க முடியாது. சொத்து வரி ரசீதும் ஈபி பில்லும் ஒருவர் பெயரில் இருப்பது நிலத்துக்குச் சான்று ஆகாது. அவர் அந்தக் கட்டடத்துக்கு வரி கட்டுகிறார், கரண்ட் வாங்குகிறார் என்பதைத்தான் அவை சொல்லும்.

குடிசை மாற்று வாரிய வீடுகளிலும் இதே கவனம் வேண்டும். வாரியத்தின் பெயர் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறினாலும் மக்கள் வாயில் அது குடிசை மாற்று வாரியம்தான். ஒதுக்கீட்டு ஆணை வேறு, கிரயப் பத்திரம் வேறு. பாக்கியெல்லாம் கட்டி, வாரியமே ஒதுக்கீட்டாளர் பெயருக்குக் கிரயப் பத்திரம் பதிந்து கொடுத்திருந்தால்தான் அவரால் உங்களுக்கு விற்க முடியும். பவர் (தனக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) எழுதி, நோட்டரி முத்திரை குத்தி, முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு சாவி கொடுப்பது விற்பனை அல்ல. பவர் மூலம் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

எனவே வீடு பிடித்திருக்கிறது என்று வாயைத் திறக்கும் முன், புரோக்கரிடம் வார்டு எண், பிளாக் எண், டி.எஸ். எண் (நகர நில அளவை எண்) மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அரசின் நில ஆவண இணையதளத்தில் வட்டத்தைத் தேர்ந்து இவற்றைப் போட்டால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல், எல்லோரும் டிஎஸ்எல்ஆர் என்று சொல்வது, திரையில் வரும். அதில் உரிமையாளர் பெயர் இருக்கிற கட்டத்தைப் பாருங்கள். 'தேவஸ்தானம்', 'சர்க்கார் புறம்போக்கு' என்று இருந்தால் அன்றைக்கே விலகிவிடலாம். விற்பவரின் தாத்தா பெயர் இருந்தால் பேச்சைத் தொடரலாம், ஆனால் அடுத்த வேலை உடனே தொடங்குகிறது.

அந்த வேலை வாரிசுக் கணக்கு. பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை வீடுகளில் அப்பா காலமாகி இருபது வருடம் ஆகியிருக்கும், கீழே அண்ணன், மாடியில் தம்பி. இரண்டு பேரும் சம்மதம் என்று புரோக்கர் சொல்வார், அது உண்மையாகவும் இருக்கும். கும்மிடிப்பூண்டிக்கும் வேலூருக்கும் கட்டிக்கொடுத்த அக்கா தங்கைகளைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொரு பெயரும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிந்து கொடுத்திருக்க வேண்டும். வாரிசுகளில் ஒருவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுச் சான்றும் தனியாக வேண்டும். மைனர் பங்கு இருந்தால் நீதிமன்ற அனுமதி தேவைப்படலாம், வக்கீல் சொல்லாமல் நகராதீர்கள். புரோக்கரை உண்மையிலேயே பயன்படுத்த வேண்டிய இடம் இது. அந்தக் குடும்பத்தில் மொத்தம் எத்தனை பிள்ளைகள் என்று அவரிடம் நேராகக் கேளுங்கள். தெருவில் வளர்ந்தவர் விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். அந்த எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்துப்போக வேண்டும்.

சொத்தின் மேல் பதிந்த கிரயம், அடமானம் எல்லாம் காட்டும் வில்லங்கச் சான்றிதழை நீங்களே பதிவுத்துறை இணையதளத்தில் போட்டு எடுங்கள். புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸில் எந்தத் தேதிவரை தேடியிருக்கிறார்கள் என்பது பழசாக இருக்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். சார் பதிவாளர் அலுவலக எல்லை இடையில் மாறியிருந்தால் பழைய அலுவலகத்திலும் தேட வேண்டும். பழைய கதவு எண், புது கதவு எண் இரண்டையும் கொடுத்துத் தேடுங்கள். பதியப்பட்டது மட்டும்தான் வில்லங்கத்தில் வரும். வங்கியில் வைத்த அடமானம் பதிந்திருந்தால் தெரியும், ஃபைனான்ஸ்காரரிடம் சும்மா பத்திரத்தைக் கொடுத்து வட்டிக்கு வாங்கியது தெரியாது. அதனால் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் டோக்கன் கொடுக்கக் கூடாது. "ஒரிஜினல் தம்பிகிட்ட இருக்கு, ரெஜிஸ்டர் அன்னைக்கு வந்துடும்" என்றால் வந்த பிறகு பேசலாம்.

இனி கமிஷன். வாங்குபவர் 1 சதவீதம், விற்பவர் 1 சதவீதம் என்பது வழக்கம். சட்டம் விதித்த விகிதம் அல்ல, பேசுவதுதான். விற்பவர்கள் செய்யும் பெரிய தவறு 'நெட்' விலை, அதாவது கமிஷன் போகக் கைக்கு வர வேண்டிய தொகையை, சொல்வது. "எனக்கு நெட்டா 55 லட்சம் வந்தா போதும்" என்று சொல்லிவிட்டால், புரோக்கர் 62 சொல்லி, 60-க்கு முடித்து, மேலே இருக்கிற 5 லட்சத்தை எடுத்துக்கொள்வார். கெட்டது அதோடு நிற்காது. வாங்குபவரும் விற்பவரும் நேரில் சந்தித்தால் கணக்கு வெளியே வந்துவிடும் என்பதால், சந்திக்கவே விட மாட்டார். சதவீதமாகப் பேசி, வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எவ்வளவு, எப்போது, எத்தனை புரோக்கருக்குச் சேர்த்து. ஒரு வீட்டுக்கு நடுவில் மூன்று நான்கு பேர் சேர்வது சாதாரணம். "உங்க பக்கத்து ஆளுங்களுக்குள்ள நீங்களே பிரிச்சுக்கணும்" என்று முதல் நாளே சொல்லாவிட்டால், பதிவு அன்றைக்கு ஆபீஸ் வாசலில் முகம் தெரியாத ஒருவர் வந்து நின்று பங்கு கேட்பார்.

விற்பவர்கள் புரோக்கர்களுக்குப் பத்திர நகல் கொடுக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்காகக் கோடு போட்டு, யாருக்கு, எதற்கு, என்ன தேதி என்று எழுதிக் கொடுங்கள். ஆதார் நகல் கொடுக்கவே தேவையில்லை.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் நான்கு பக்கமும் அளந்து பாருங்கள். இங்கே மனைகள் ஒடுக்கமும் நீளமுமாக இருக்கும். முன்பக்கம் பன்னிரண்டரை அடி, நீளம் 60 அடி என்று 750 சதுர அடிக்கு விலை பேசியிருப்பார்கள். பின்பக்கம் 11 அடிதான் இருந்தால் பரப்பு 705. சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்தால், அந்த 45 சதுர அடி 3,60,000 ரூபாய். பத்திரம், டிஎஸ்எல்ஆர், டேப் மூன்றில் எது குறைவோ அதற்குத்தான் பணம். பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரா, தனிச்சுவரா என்பதையும் பத்திரத்தின் நான்கெல்லையில் படியுங்கள். பின்னால் இடித்துக் கட்டும்போது பொதுச்சுவர் பெரிய தகராறு ஆகும்.

மே மாதக் காலை பதினோரு மணிக்கு எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் என்றால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். வெளிப்புறச் சுவரில் பெயிண்ட் புதிதாக இருந்தாலும் மாடிப்படிக்கு அடியில், ஈபி மீட்டர் பெட்டிக்குக் கீழே, கழிவறைக் கதவின் அடிக்கட்டையில் போன மழைக்காலத்தின் கோடு நிற்கும். மீட்டரை ஆளுயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் சொல்ல எதிர்வீட்டு அம்மாவே போதும். திருவொற்றியூர், எர்ணாவூர் பக்கம் என்றால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் மாலை நேரத்தில் ஒரு தடவை போய் வாருங்கள். மணலி பக்கம் ராத்திரியில் நின்று காற்றை முகர்ந்து பாருங்கள். போர் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள், கடலோரத் தெருக்களில் உப்பு தெரியும். மெட்ரோ வாட்டர் குழாயில் வைத்த அடிபம்பை அடித்து, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எத்தனை குடம் பிடிக்க முடிகிறது என்று குடியிருப்பவரிடம் கேளுங்கள். "மெட்ரோ வந்துடுச்சு சார்" என்று ரேட்டை ஏற்றுவார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை ரயில் வந்தது உண்மை, ஆனால் அந்த வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்து எத்தனை நிமிடம் என்பதுதான் உங்கள் விலை.

ஃப்ளாட் என்றால் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் கேட்கச் சொல்வார்கள். கேளுங்கள். பதிவான திட்டத்தில் விற்றுக்கொடுக்கும் ஏஜென்ட்டும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். ஆனால் இங்கே பழைய வீட்டை இடித்து, ஒரு கிரவுண்டில் ஆறு வீடு கட்டுவதுதான் அதிகம். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர்தான். அங்கே உங்களுக்குக் காவல், நிலத்தில் உங்கள் ஃப்ளாட்டுக்கு வரும் பிரிபடாத பங்குதான் (யுடிஎஸ்). ஆறு வீட்டு யுடிஎஸ்ஸையும் கூட்டினால் 2,400 வர வேண்டும். குறைந்தால் மீதி யார் பெயரில் என்று எழுத்தில் வாங்குங்கள். அனுமதி வாங்கியது எத்தனை மாடிக்கு, கட்டியிருப்பது எத்தனை மாடி என்பதையும் பிளானை விரித்து எண்ணுங்கள்.

டோக்கனாக எதையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே விற்பவருக்கு அபராதம் வரும். புரோக்கர் கணக்குக்கு அனுப்பவே கூடாது, பத்திரத்தில் பெயர் உள்ளவர் கணக்குக்கு மட்டும். கிரய ஒப்பந்தத்தைப் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-லேயே திருத்தம் வந்துவிட்டது. "ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதிக்கலாம்" என்பவர் செலவை மிச்சம் பிடிப்பதாக நினைப்பார், தகராறு என்று வந்தால் கையில் இருப்பது வலுவில்லாத காகிதம்.

60 லட்சத்துக்குப் பழைய வீடு வாங்கினால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம் 4,20,000, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் 1,20,000. அரசு அந்த இடத்துக்கு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு அதைவிட அதிகம் என்றால் அதற்குத்தான் கணக்கு. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் விற்பவருக்குக் கொடுக்கும் பணத்திலிருந்து 1 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் நீங்கள் கட்ட வேண்டும். இதைப் புரோக்கர் ஞாபகப்படுத்த மாட்டார். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் அந்த 1 சதவீதம் பொருந்தாது, ஆடிட்டரைப் பாருங்கள். பவர் ஏஜென்ட் கையெழுத்துப் போடுவதாக இருந்தால், பவர் கொடுத்தவருக்கு 30 நாளுக்குள் வாங்கிய உயிர்ச் சான்று வேண்டும்.

பதிவு அன்று புரோக்கரையே ஒரு சாட்சியாகப் போடுங்கள். அவர் பெயரும் முகவரியும் பத்திரத்தில் ஏறிவிடும். பணம் கைமாறும் முன் மூலப்பத்திரங்கள், சொத்து வரி ரசீது, மெட்ரோ வாட்டர் ரசீது, கடைசி ஈபி பில், எல்லாச் சாவிகளும் மேசை மேல் வர வேண்டும், பட்டியலில் விற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். குடியிருக்கிற வாடகைக்காரர் காலி செய்து, பூட்டு மாற்றிய பிறகு கமிஷனில் கடைசிப் பாதியைக் கொடுங்கள்.